செவ்வாய்ச் சந்தையை எங்கே கொண்டுபோகிறீர்கள்? எங்கள் பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை போர்டு ஆபீஸ் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை என் மதினி போனில் படம் எடுத்து அனுப்பினார். குடிநீர்க் கட்டண நோட்டீஸ் ஒன்று பாதியை மறைத்திருந்தது. மீதியைப் பெரிதாக்கிப் படித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற வாரச்சந்தை மைதானத்தில் "நவீன வணிக வளாகம்" கட்டப் போகிறீர்கள், அதற்காகச் சந்தை இனி பைபாஸ் ஓரம் "மாற்று இடத்தில்" நடக்கும், ஆட்சேபணை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இதோ தெரிவிக்கிறேன். இதே மடல் பதிவுத் தபாலிலும் வருகிறது. ஊர் அறிய எழுதுவதற்குக் காரணம், அந்த நோட்டீஸைப் படித்தவர்கள் ஊரில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். சந்தையில் சாக்கு விரித்து விற்கிறவர்களுக்கு அப்படி ஒன்று ஒட்டியிருப்பதே தெரியாது. அவர்கள் வருவது செவ்வாய்க்கிழமை, நீங்கள் ஒட்டியது வெள்ளிக்கிழமை.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர் என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டால் போதும். தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் மட்டும் ஏறக்குறைய ஐந்நூறு இருக்கின்றன. படிக்கிறவர்கள் இது தங்கள் ஊர்தான் என்று நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை, நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதுதான்.

இவன் யார் கேட்பதற்கு என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. இருபத்தாறு வருஷமாகத் தாம்பரத்தில் இருக்கிறேன், ஓட்டும் இங்கேதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து நாலு படம் எடுத்துக்கொண்டு போகிற ஆள், ஊர் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான், அங்கேயே இருக்கிறவனுக்கு வளர்ச்சி வேண்டாமா என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். ஆனால் என் அம்மா அங்கேதான் இருக்கிறார். வயது 74. ஒவ்வொரு செவ்வாயும் ஒயர் கூடையோடு சந்தைக்கு நடந்து போய்வருகிறார். வாரத்தில் அவர் தெருவைத் தாண்டிப் போகிற ஒரே நாள் அதுதான். நோட்டீஸ் விஷயத்தை நான் சொன்னபோது, "அப்போ இனி நான் பைபாஸ்ல லாரியோட சேர்ந்து நடக்கணுமாக்கும்" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்.

சந்தை என்றால் உங்கள் கோப்பில் என்னவாக எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை ஏக்கர் காலி இடம், வருஷாவருஷம் குத்தகை ஏலம், ஆண்டு வருமானம் இவ்வளவு என்று இருக்கும். ஆறு நாள் சும்மா கிடக்கிற இடம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்த இடம் என்ன வேலை செய்தது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள், சாட்சி சொல்கிறவனுக்கு ஞாபகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கினார், அதாவது மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைக் கட்டைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. எண்பதுகளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் அதே வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும் உட்கார்ந்து குச்சியை அடுக்குவோம், கைவிரல் முனை வழவழவென்று ஆகிவிடும். சம்பளம் திங்கட்கிழமை சாயங்காலம். ஏன் திங்கட்கிழமை என்றால் மறுநாள் சந்தை, அவ்வளவுதான். ஊரின் நாள்காட்டியே அப்படித்தான் ஓடியது. கொத்தனாருக்குக் கூலி, வட்டிக்காரருக்குத் தவணை, பால்காரருக்குக் கணக்கு, எல்லாம் "சந்தை கழிச்சு" அல்லது "சந்தைக்கு முன்னால". பெண் பார்க்கிற பேச்சுகூட முதலில் சந்தையில்தான் ஆரம்பிக்கும். போன் இல்லாத காலத்தில் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருந்தால் போதும், அவர் வந்துவிடுவார், அவர் வராவிட்டால் அவர் ஊர்க்காரர் யாராவது வருவார்.

திங்கள் ராத்திரியே வண்டிகள் வரத் தொடங்கும். வேம்பார்ப் பக்கமிருந்து கருப்பட்டியும் கருவாடும், ஆத்தூர் வெற்றிலை, காருகுறிச்சிப் பானை சட்டி, எல்லாம் புளியமரத்தடியில் இறங்கும். எங்கள் வீடு சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. காற்று கிழக்கே இருந்து அடித்தால் படுத்துக்கொண்டே கருவாட்டு வாசனையை வைத்து அக்கா சொல்லிவிடுவாள், "நெத்திலி வந்துருச்சு" என்று. செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இருக்கிற மீதிப் பேரும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சுவர் ஏறிக் குதிப்போம். (உறுப்பினர்களில் ஒருவர் என்னோடு ஏழாம் வகுப்பு வரை படித்தவர், குதிக்கும்போது டவுசர் கிழிந்து அன்று மாலை வரை பையைப் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தவர். அவருக்கு இந்த வரி புரியும். தீர்மானத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார்கள், நான் நம்பவில்லை.) நாலணாவுக்குச் சவ்வு மிட்டாய்க்காரர் கையில் வாட்ச் கட்டிவிடுவார். அந்த வாட்சை மணி பார்த்து மணி பார்த்துத் தின்று முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

புதன்கிழமை காலையில் சந்தை மைதானம் எங்களுடையது. விடிந்ததும் போய்ப் புழுதியைக் காலால் தள்ளித் தள்ளிக் காசு தேடுவோம். நெளிநெளியாக ஓரம் வைத்த அலுமினியப் பத்துப் பைசா கிடைக்கும், எப்போதாவது நாலணா. ஒரு தடவை அக்காவுக்கு வெள்ளிக் கொலுசின் திருகாணி ஒன்று கிடைத்தது. அம்மா அதைப் பத்திரமாக முடிந்து வைத்திருந்து அடுத்த செவ்வாய் குத்தகைக்காரரின் மைக்கில் சொல்லச் சொன்னார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வந்து அடையாளம் சொல்லி வாங்கிப்போனாள். ஆறு நாள் சும்மா கிடக்கிற இடம் என்று சொன்னவரிடம் இதையும் சொல்லுங்கள். பந்து விளையாடியது, கூத்து பார்த்தது, கட்சிக் கூட்டம் போட்டது, மிளகாய் வத்தல் காயவைத்தது எல்லாம் அந்தச் "சும்மா" நாட்களில்தான்.

இப்போது ஒரே ஒரு ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஓரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் இருந்து எண்ணினால் நாலாவது புளியமரம். அந்த மரத்தடியில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் அவர் கொண்டுவருவது அதலைக்காய் மட்டும். கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விரல்நுனி அளவுதான் இருக்கும், பச்சையாக, வரி வரியாக, பாகற்காய்க்குச் சின்னத் தங்கச்சி மாதிரி. யாரும் விதைப்பதில்லை. மழை விழுந்ததும் காட்டில் கிழங்கிலிருந்து தானே கொடி ஓடும். விடிகாலையில் குனிந்து குனிந்து பறிக்க வேண்டும். பறித்த அன்றே விற்றாக வேண்டும், மறுநாள் வரை வைத்தால் காய் வெடித்து வாயைப் பிளந்துகொள்ளும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு முழுசாக எண்ணெயில் வதக்கினால் அந்தக் கசப்புக்கு ரெண்டு கை சோறு கூட இறங்கும்.

அந்த ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடன் கணக்கை ஒரு பனைநாரில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். வீட்டுக்கு ஒரு நார். அடைமழைக் காலத்தில் தீக்குச்சி காயாது, தீப்பெட்டி ஆபீஸ் பாதி நாள் மூடிக் கிடக்கும், அம்மா கையில் காசே இருக்காது. அதே அடைமழையில்தான் அதலைக்காய் காய்க்கும். ஒரு வருஷம் தொடர்ந்து ஆறு வாரம் நாங்கள் ஆச்சியிடம் கடனுக்கே வாங்கினோம். அம்மா தயங்கிக்கொண்டு தூரத்திலேயே நின்றால் ஆச்சியே கூப்பிடுவார், "ஏ தாயி, காசு கெடக்கட்டும், காய் வெடிச்சுப் போகும், கொண்டு போ" என்று. உழக்கில் அளந்து போட்டுவிட்டு மேலே ஒரு கை கொசுறு. நாரில் ஒரு முடிச்சு. பொங்கலுக்கு முந்தின சந்தையில் அம்மா மொத்தக் கடனையும் அடைத்தார், ஆச்சி ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பக்கத்தில் நின்று நான் எண்ணினேன், ஆறு. எங்கள் வீட்டில் அந்த மழைக்காலத்தை ஓட்டியது அரசாங்கமும் இல்லை, பாங்கியும் இல்லை, நாலாவது புளியமரம்.

ஆச்சி போய்ப் பல வருஷமாயிற்று. அதே மரத்தடியில் இன்றைக்கு அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறார். போன கார்த்திகையில் போயிருந்தபோது பார்த்தேன், முகச்சாயல் அப்படியே. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, போன் நம்பர் கிடையாது. அந்த மரம்தான் அவருடைய விலாசம். இப்படித்தான் அங்கே எல்லோரும். கருவாட்டுக்காரம்மா வேப்பமரத்தடி, வெற்றிலைக்காரர் பம்ப்செட் ரூம் சுவரோரம். சொந்த இடம் ஒருத்தருக்கும் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவரவர் இடம் உண்டு. அன்றைக்குத் தரையில் விரித்து உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிக்கொண்டே நடந்தேன், நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். சந்தைக்கு இப்போதெல்லாம் யார் போகிறார்கள் என்று கூட்டத்தில் கேட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து மீதியை எண்ணட்டும்.

ஆட்டுச் சந்தையைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தை அளவுக்கு நம் ஊர் சந்தை பெரியது இல்லைதான். ஆனாலும் முகத்தில் வெள்ளைக்கோடு போட்ட கன்னி ஆடும், செம்பொட்டு விழுந்த வேம்பூர் ஆடும் நம் காட்டுச் சொத்து, அவை கைமாறுகிற இடம் இதுதான். நான் காலேஜில் சேர்ந்தது 1995. ஹாஸ்டலுக்குக் கட்டின பணம் மூன்று ஆடு. தாத்தாவும் தரகரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, முகத்தை எங்கேயோ திருப்பி வைத்துக்கொண்டு, விரலாலேயே விலை பேசினார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று தாத்தா கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "நீ படிக்கத்தானே போற, இது எதுக்கு" என்றுவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்கிற மாற்று இடத்தைப் போன மாதம் ஊருக்கு வந்தபோதே பார்த்தேன். அப்போது அங்கே கல் ஊன்றியிருந்தது, என்னவென்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நிழலுக்கு ஒரு மரம் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் வரை சீமைக்கருவேல். தகரக் கொட்டகை போடுவோம் என்று சொல்கிறீர்களாம். சித்திரை வைகாசியில் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் கீரைக்கட்டு வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். இப்போதைய மைதானத்தில் பதினொரு புளியமரமும் மூன்று வேப்பமரமும் நிற்கின்றன. அந்த நிழலுக்கு யாரும் எஸ்டிமேட் போட முடியாது. வருஷாவருஷம் புளியை ஏலம் விட்டு போர்டுக்கும் காசு வருகிறது.

அதைவிட முக்கியம், மண். அந்த இடம் சுத்தக் கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் சந்தை சூடு பிடிப்பதே ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், மழைக்காலத்தில். பழைய மைதானத்தில் எத்தனையோ வருஷமாகச் சரள் கொட்டிக் கொட்டித் தரை இறுகியிருக்கிறது, மழை விட்ட அரை மணியில் சாக்கை விரிக்கலாம். பைபாஸ் ஓரத்தில் கார்த்திகை மாதம் ஒரு ஆட்டை இறக்கினால் அதைத் தூக்கி எடுக்க நாலு பேர் வேண்டும். இது எஞ்சினியருக்குத் தெரியாதா? நம் ஊரில் பத்து வயசுப் பையனுக்குத் தெரியும்.

அப்புறம் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கடகப்பெட்டியோடு ஏறுகிற பெண்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரோட்டைத் தாண்டினால் சந்தை. காசு செலவில்லாமல் வந்து, விற்று, வீட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புகிறார்கள். நல்ல திட்டம், யார் கொண்டுவந்தாலும் நல்ல திட்டம். சந்தையை நீங்கள் பைபாஸுக்குக் கொண்டுபோனால் அங்கே எந்த டவுன் பஸ் போகிறது? ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய், பெட்டிக்குத் தனியாக இருபது. போக மட்டும் நாற்பது. நாலாவது மரத்தடியில் ஒரு கூறு அதலைக்காய் இருபது ரூபாய். போணி ஆவதற்கு முன்னாலேயே இரண்டு கூறு ஆட்டோவுக்குப் போய்விடும். திரும்பி வர இன்னும் ஒரு கூறு. இந்தக் கணக்குக்கு நார்முடிச்சே போதும், கால்குலேட்டர் வேண்டாம்.

வணிக வளாகத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்குவோம் என்று ஒரு உறுப்பினர் மதினியிடம் சொன்னாராம். ஷட்டர் கடைக்கு முன்பணம் கட்டி, மாத வாடகை கட்டி, வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் காய்க்கிற காட்டுக்காயை விற்கிற அம்மா அங்கே என்ன செய்வார்? ஏற்கெனவே கட்டினதன் கதியைப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்ட் மாடியில் பத்துக் கடை கட்டினீர்கள் (நீங்கள் இல்லை, முன்னால் இருந்தவர்கள், அதுவும் போர்டுதானே). நான் பார்த்தபோது ஏழில் ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது, ஒன்றில் பழைய தேர்தல் பேனர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மீன் விற்கவென்று டைல்ஸ் ஒட்டி ஒரு கட்டடம் கட்டினார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, கழிவுநீர் போக வழி இல்லை. மீன்காரர்கள் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். இப்போது அதில் மழைக்கு ஆடுகள் ஒதுங்குகின்றன, அந்த வகையில் பிரயோஜனம்தான். அடிக்கல் நாட்டின கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை பஜார் தெருவில் நெரிசல், ஆட்டு வேன்களைக் கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள், ஒரு தடவை ஆம்புலன்ஸ் கால் மணி நேரம் நின்றுவிட்டது, ராத்திரி அழுகின காய் மைதானத்திலேயே கிடந்து நாறுகிறது. பஜார் கடைக்காரர்கள் புகார் சொல்வதில் பாதி சரி. ஆனால் இதற்கெல்லாம் மருந்து சந்தையைத் தூக்கி எறிவதா? வேன் நிறுத்த இடம் குறித்துக் கொடுத்து, இரண்டு ஆளை நிற்க வைத்து, ராத்திரியே குப்பை அள்ளினால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். வாரத்துக்கு ஒரு நாள் வேலை. அரசாங்கம் மனது வைத்தால் சந்தையை நன்றாக நடத்த முடியும் என்பதற்கு 1999இல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தையே சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பி ஒருவரிடம், வக்கீல்தான், கேட்டேன். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் மாநகராட்சிக்கு மட்டும் இல்லையாம், பேரூராட்சிக்கும் பொருந்துமாம். அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. நம் ஊரில் யாருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள்? சான்றிதழ் வைத்திருக்கிறவரை மாற்றுவதற்கே 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் கொடுத்திருப்பது 15. விற்பனைக் குழு என்று ஒன்று அமைத்து அதில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளே இருக்க வேண்டும், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவருகிற "இயற்கைச் சந்தை"யை, அதாவது விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் வழிவழியாகக் கூடுகிற சந்தையை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே இருக்கிற வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு ரசீது இருக்கிறது. உள்ளங்கை அளவு மஞ்சள் காகிதம். சந்தை வரி, ஆடு 2, 24 ந.பை. என்று ஊதா மையில் எழுதி, பஞ்சாயத்து போர்டு முத்திரை குத்தியிருக்கிறது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் அந்த "ந.பை."யைக் கரையான் விட்டுவைத்ததே, அதுதான் நம் அதிர்ஷ்டம். நயா பைசா என்ற பெயர் வந்தது 1957 ஏப்ரலில், 1964இல் நயாவை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கிவிட்டார்கள். அப்படியானால் ரசீது அந்த ஏழு வருஷத்துக்குள் எழுதினது. சந்தைக்குக் குறைந்தது அறுபது வயது. உங்கள் அலுவலகப் பழைய பதிவேட்டைத் தேடினால் இன்னும் கூடலாம். ஒன்றைக் கவனியுங்கள், அந்தக் காலத்தில் இரண்டு ஆட்டுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு சாக்கு விரிப்புக்கு முப்பதும் வாங்குகிறார்கள், ஐம்பதும் வாங்குகிறார்கள். ரசீது கேட்டால் "அடுத்த வாரம் எங்க உக்காருவே?" என்று கேள்வி வருகிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

சந்தையை மாற்றுகிற தீர்மானத்தை உடனே நிறுத்தி வையுங்கள். மன்றக் கூட்டத்தில் என்ன பேசி, யார் யார் ஆதரித்து அதை நிறைவேற்றினீர்கள் என்பதையும், வளாகத்தின் வரைபடம், மதிப்பீடு, நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் தமிழில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், செவ்வாய்க்கிழமை சந்தை வாசலில் ஒட்டுங்கள். ஒட்டினால் போதாது, குத்தகைக்காரரின் மைக்கிலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

சட்டப்படி விற்பனைக் குழுவை அமையுங்கள். வியாபாரிகளைக் கணக்கெடுக்கும்போது பட்டியலில் நாலாவது மரத்தடி அம்மா போன்றவர்கள், வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் வருகிறவர்கள், விட்டுப்போகக் கூடாது. அப்புறம் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கத் தீர்மானம் போடுங்கள். தாத்தாவின் ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அசலைக் கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன், கொடுக்க மாட்டேன்.

பதினான்கு மரத்தில் ஒன்றையும் வெட்டக் கூடாது. கட்டண விவரத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக வைத்து, வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுக்கச் செய்யுங்கள். வளாகம் கட்டியே தீர வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்ட் மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிற ஏழு ஷட்டரை முதலில் திறந்து காட்டுங்கள். வளாகத்துக்கு ஒதுக்கியதில் ஒரு சின்னப் பங்கை எடுத்து மைதானத்தில் தண்ணீர்க் குழாய், விளக்கு, வடிகால், வேன் நிறுத்த இடம் செய்துகொடுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பாக. அதற்கு முந்தின செவ்வாய் நான் லீவு போட்டுவிட்டு ஊரில் இருப்பேன். காலை பத்து மணிக்கு நாலாவது புளியமரத்தடிக்குத் தலைவரும் செயல் அலுவலரும் வந்து, அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் நேரில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டோகிராபர் வேண்டாம், ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள்.

இன்னும் ஒன்று, இதற்குத் தீர்மானம், டெண்டர் எதுவும் தேவையில்லை. மைதானத்தின் வடக்கு மூலையில் பெண்களுக்கென்று கட்டின கழிப்பறை திறப்பு விழா முடிந்த நாளிலிருந்து பூட்டியே இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வந்து இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிற பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள், என் அம்மாவிடம் அவர்களே சொன்னது. சாவி போர்டு ஆபீஸில்தான் தொங்குகிறதாம். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் யாரையாவது அனுப்பி அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்தைக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்த ஒருவன்